டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாத்திரை தீரும் தேதி: காப்பீடு இல்லாதவர்களுக்கு மருந்துக்கடையில் என்ன செய்ய முடியும்?

நீலகிரி மருந்துக்கடைக்காரர்கள் கேட்ட கேள்விகளும், அவர்களில் ஒருவர் எழுதிய பதில்களும். ஊர்ப் பெயர் போட்டவை கேள்விகள், மற்றவை பதில்கள்.

6.11.2025, மாலை. கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோவையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துக்கொண்டு மலைக்கு வந்தவர். முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லை, நகையை வைத்துப் பில் கட்டியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழு மருந்து. ஒரு மாதத்துக்குக் கேட்டார்கள். தொகையைச் சொன்னதும், "இதுல எது முக்கியமோ அதை மட்டும் குடுங்க" என்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை முழு மாதத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சரிதானா அண்ணா?

6.11.2025, இரவு

சரியில்லை தம்பி. எந்த மருந்தை விடலாம் என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. பணம் குறைந்தால் நாளைக் குறையுங்கள், மருந்தைக் குறைக்காதீர்கள். ஏழு மருந்தும் ஏழு நாளைக்கு. அந்த ஏழு நாளில்தான் உங்கள் வேலையே இருக்கிறது.

மாத்திரையை அட்டை அட்டையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் டிகாக்ரிலார் 90 பல கம்பெனிகளில் 14 மாத்திரை அட்டை; காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளில் காலி. மெட்டோபிரோலால் 10 மாத்திரை அட்டை என்றால் பத்தாம் நாள். ஆஸ்பிரின் 75 பெரும்பாலும் 14, இரண்டு வாரம். அட்டோர்வாஸ்டாடினும் பான்டோபிரசோலும் 15 என்றால் இன்னும் ஒரு நாள் கூடுதல். எல்லாவற்றிலும் ஒரு அட்டை வாங்கியவர் எட்டாம் நாள் காலையில் பையைத் திறந்தால் நாலைந்து அட்டையில் மாத்திரை மிச்சம் இருக்கும். "இன்னும் இருக்கே, தீரட்டும், சேர்த்து வாங்கிக்கலாம்" என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீர்ந்தது டிகாக்ரிலார். ஸ்டென்ட் வைத்த முதல் மாதத்தில் அது நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டும்.

அதனால் எண்ணிக் கொடுங்கள். பையின் மேல் பெரிதாக ஒரே ஒரு தேதி எழுதுங்கள்: தீரும் நாள்.

7.11.2025, காலை

நேற்று விட்டுப்போனது. அட்டையை வெட்டும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால் வீட்டுக்குப் போன துண்டு பெயரில்லாத துண்டு. சின்ன ஸ்டிக்கரில் மருந்தின் பெயர், மில்லிகிராம், பேட்ச், காலாவதி நாலையும் எழுதித் துண்டில் ஒட்டுங்கள். அரை நிமிட வேலை. இது இல்லாமல் வெட்டிக் கொடுப்பதற்கு, கொடுக்காமல் இருப்பதே மேல்.

7.11.2025, மதியம்

அந்த ஏழு நாளில் என்ன செய்வது?

அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை வாங்கக் காப்பீடு தேவையில்லை. ஓ.பி. சீட்டுப் போதும். காப்பீடே இருந்தாலும் அது பெரும்பாலும் படுக்கைக்கும் ஆபரேஷனுக்கும்தான். மாதா மாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு அல்ல. ஆக, வீட்டுக்கு வந்த பிறகு காப்பீட்டு அட்டை இருப்பவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். இல்லாதவர் கையில் இருந்ததெல்லாம் பில்லுக்கே போயிருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் தனியார் ஆஸ்பத்திரி சம்மரியை அப்படியே ஜன்னலில் நீட்டினால் மருந்து வராது. அங்குள்ள மருத்துவ அலுவலர் பார்த்து அவர் சீட்டில் எழுத வேண்டும். ஆறு பக்க சம்மரியைக் கூட்டத்தில் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. அதற்குத்தான் அரைப்பக்கக் குறிப்பு. இப்படி எழுதுங்கள்:

"ஆண், 54. ஸ்டென்ட் வைத்தது 29.10.2025. இப்போது சாப்பிடுவது: ஆஸ்பிரின் 75 மதியம் ஒன்று. டிகாக்ரிலார் 90 காலை, இரவு. அட்டோர்வாஸ்டாடின் 40 இரவு. மெட்டோபிரோலால் 25 காலை. ராமிபிரில் 2.5 இரவு. பான்டோபிரசோல் 40 காலை வெறும் வயிற்றில். ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5, நெஞ்சு வலித்தால் மட்டும் நாக்கடியில். அலர்ஜி இல்லை. கையிருப்பு 13.11.2025 இரவோடு தீர்கிறது."

பிராண்டு பெயர் ஒன்றுகூட வேண்டாம், சால்ட் பெயர் (மருந்தின் மூலப்பெயர்) மட்டும். சம்மரி நகலோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுங்கள். தீரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே போகச் சொல்லுங்கள். அன்றைக்கு இல்லாத மருந்தைத் தேட அவகாசம் வேண்டும்.

7.11.2025, இரவு. குன்னூரிலிருந்து

இவ்வளவு சுற்று எதற்கு? மாநில அரசின் முதல்வர் மருந்தகத்திலோ மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ அதே சால்ட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே. நாமே மாற்றிக் கொடுத்துவிட்டால் போச்சு.

8.11.2025, காலை

விலை பற்றிச் சொன்னது உண்மை. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு திறந்தது. பக்கத்தில் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

"நாமே மாற்றி" என்பதில்தான் சிக்கல். மருந்து விதிகள் 65(11ஏ): சீட்டில் உள்ளது ஷெட்யூல் ஹெச் மருந்து (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்கக்கூடியது) என்றால் அதற்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, அதே சால்ட்டாக இருந்தாலும். டாக்டர் பிராண்டு பெயரை எழுதியிருந்தால் நம் கை கட்டப்பட்டிருக்கிறது. வழி என்னவென்றால், டிஸ்சார்ஜ் அன்றே, ஆள் வார்டை விட்டு இறங்கும் முன், டியூட்டி டாக்டரிடம் சால்ட் பெயரில் எழுதி வாங்கிவிடுவது. வீட்டார் கேட்கத் தயங்குவார்கள். "ஜெனரிக் பேர்ல எழுதிக் குடுங்க சார், ஊர்ல அதுதான் கிடைக்குது" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் கேட்டுவிடுவார்கள்.

கூடவே இன்னொரு வரியும் வேண்டும். "90 நாள் தொடரவும்" என்று எழுதி, கையெழுத்து, தேதி, பதிவு எண். திரும்பக் கொடுக்கலாம் என்று சீட்டில் இல்லாவிட்டால் விதிப்படி அது ஒரு முறைக்கான சீட்டு. மலையிலிருந்து சீட்டுப் புதுப்பிக்க மட்டும் கோவைக்கு ஒருவர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி.

8.11.2025, மதியம்

டிகாக்ரிலார் பற்றித் தனியாக. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். இருப்பது பெரும்பாலும் குளோபிடோகிரல், அதுவும் ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கவுண்டரில் மாற்றக் கூடாது. டிகாக்ரிலார் நாளைக்கு இரண்டு வேளை, குளோபிடோகிரல் ஒரு வேளை. மாற்றும்போது முதல் டோஸ் எவ்வளவு என்பதை, ஸ்டென்ட் வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாளே சம்மரியில் உள்ள ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் போட்டு, "இவரால் இதை வாங்க முடியவில்லை, மாற்றி எழுதித் தர முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். வாங்க முடியவில்லை என்ற செய்தி பல டாக்டர்களுக்குப் போய்ச் சேருவதே இல்லை. தெரிந்தால் மாற்றித் தருகிறார்கள்.

குளோபிடோகிரலுக்கு மாறிய பிறகு வயிற்றெரிச்சலுக்கு ஒமிபிரசோல் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அது குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கும். பான்டோபிரசோலே தொடரட்டும்.

11.11.2025

கோத்தகிரி தம்பி, அவரிடம் வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னீர்களா? நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மலையில் பலருக்கு ஏற்கெனவே அரசு மாத்திரை வீட்டில் இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆஸ்பத்திரியில் பெயரும் நிறமும் வேறாக ஒரு புது அட்டை கொடுப்பார்கள். இவர் இரண்டையும் சாப்பிடுவார். பழைய பையில் அட்டெனலால், புதுப் பையில் மெட்டோபிரோலால்: இரண்டும் நாடித் துடிப்பைக் குறைப்பவை, எழுந்து நின்றால் கண் இருட்டும். பிரஷர் மாத்திரையில் எனலாப்ரிலும் ராமிபிரிலும் அதே போல ஒரே குடும்பம். இதைவிடப் பயம், பழைய சுகர் மாத்திரை கிளிபென்கிளமைடோடு புதிதாக வந்த கிளைமிபிரைடு கலந்த மெட்ஃபார்மின். இரண்டையும் போட்டுக்கொண்டு மதியச் சோறு தள்ளிப்போனால் சுகர் இறங்கித் தேயிலைக் காட்டிலேயே மயங்கி விழுவார்.

பையை மேசையில் கொட்டி மூன்று குவியல் போடுங்கள்: தொடர்வது, நிறுத்தியது, டாக்டரைக் கேட்க வேண்டியது. இரண்டாவது குவியலை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும்.

ஒரு நன்மையும் உண்டு. பழைய பையில் இருக்கும் அட்டோர்வாஸ்டாடினோ ஆஸ்பிரினோ சம்மரியில் உள்ள அதே அளவு என்றால், தேதி பார்த்து அதையே தொடரலாம். அந்தக் காசு டிகாக்ரிலாருக்குப் போகும்.

14.11.2025. கூடலூரிலிருந்து

இங்கே வயநாடு, கோழிக்கோடு போய்ப் படுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். இன்சுலின் பேனாவோடு வருகிறார்கள். கார்ட்ரிட்ஜ் (பேனாவுக்குள் போடும் மருந்துக்குழல்) தீர்ந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் குப்பி தருகிறார்கள். அளவு மாறுமா?

14.11.2025, இரவு

யூனிட் மாறாது. சிரிஞ்சுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அரசுக் குப்பி பொதுவாக ஒரு மில்லிக்கு 40. நாற்பதுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போடுகிறவர் நாற்பது குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போகும், "அரசு மருந்துல சத்து இல்ல" என்ற பேச்சும் கிளம்பும். நேர்மாறாக, கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அரை மில்லி, 50 யூனிட். உயிர் போகும் அளவு. கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விட்டு உறிஞ்சவே கூடாது.

குப்பியும் சிரிஞ்சும் ஒரே கையால் ஒரே நேரத்தில் கொடுங்கள். குப்பி மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள்: சிவப்புக்குச் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது போதும். கலங்கலான வகை என்றால் உள்ளங்கைக்கு நடுவில் இருபது முறை உருட்ட வேண்டும்; குலுக்கக் கூடாது. மருந்துப் பெயரும் மாறியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். கார்ட்ரிட்ஜில் இருந்தது இரவு ஒரு வேளை போடும் கிளார்ஜின், குப்பியில் வந்தது 30/70 கலவை என்றால் அது சிரிஞ்சுக் கணக்கில் அடங்காது, டாக்டர் புதிதாக எழுத வேண்டும்.

ஃபிரிட்ஜ் இல்லையே என்று கேட்பார்கள். ஊட்டிக் குளிருக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.

16.11.2025

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன், அவசரத்தில் பாதி எழுதிவிட்டேன். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்பது திறந்து பயன்படுத்தும் குப்பிக்கு மட்டும், அதுவும் 28 நாள் வரை. திறக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரியில்தான் இருக்க வேண்டும். 10 மில்லிக் குப்பியில் 400 யூனிட். நாளைக்கு 30 போடுகிறவருக்குப் பதின்மூன்று நாள்தான் வரும், கவலையில்லை. 12 போடுகிறவருக்கு 33 நாள் வரும். 28-ஆம் நாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று குப்பி மொத்தமாகக் கிடைத்தவர் என்றால் மீதியைப் பெயர் எழுதி நம் கடை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம்.

அடுத்து உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல் வெள்ளையாகிற இரவில் ஜன்னல் ஓரத்தில் வைத்த இன்சுலினும் உறைந்துபோகலாம். ஒரு தடவை உறைந்தால் இளகிய பிறகும் பயன்படாது. தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம், கணப்புச் சட்டிப் பக்கமும் வேண்டாம். துணிப்பெட்டியில் கம்பளிக்கு நடுவில்.

19.11.2025

கீழ்நாட்டுக் குறிப்புகளில் இருக்காத ஒன்று, ஈரம். தேவாலா, பந்தலூர் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, நாள்வாரியாகக் கட்டம் பிரித்த வாரப்பெட்டியில் போட்டுக் கொடுப்பது பார்க்க நன்றாக இருக்கும், இங்கே ஆகாது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும். ஆஸ்பிரினைத் திறந்து மோந்தால் வினிகர் வாசம் அடிக்கும்; அடித்தால் கெட்டது. ஆஸ்துமாவுக்கு மெஷினில் போட்டு உறிஞ்சும் கேப்ஸ்யூலில் பொடி கட்டிக்கொள்ளும், உறிஞ்சினால் வராது. (அந்தக் கேப்ஸ்யூலை விழுங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கொடுக்கும்போது மெஷினில் போட்டுக் காட்டுங்கள்.)

வாரப்பெட்டிக்குப் பதில் அட்டைத் துண்டுகளை அப்படியே, காலை ஒரு கவர், இரவு ஒரு கவர். காலைக் கவரில் சூரியன், இரவுக் கவரில் பிறை.

22.11.2025

போன் செய்வது பற்றிக் கேட்டிருந்தார்கள். மூன்று போன்: இரண்டாம் நாள், ஐந்தாம் நாள், தீரும் தேதிக்கு முதல் நாள். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். "ஆமாங்க" என்ற ஒரே பதில்தான் வரும், மரியாதைக்காக. "அந்தக் காலைக் கவரை எடுங்கம்மா, எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். எண்ணிக்கை மிச்சமாக இருந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள்.

நீர் மாத்திரை ஒரு உதாரணம். இதயம் பலவீனமானவர்களுக்குக் காலை ஃபுரோசிமைடு 40. கொழுந்து எடுக்கும் பெண்கள் அதை விட்டுவிடுவார்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் போல ஒண்ணுக்குப் போக வைக்கும்; காட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது? அந்த அக்காவுக்கு மறதியும் இல்லை, அலட்சியமும் இல்லை. டாக்டரைக் கேட்டு வேளையைக் காட்டிலிருந்து திரும்பும் நாலு மணிக்கு மாற்றினால் சாப்பிடுவார். ரேஷன் கடையிலோ தேயிலை நிறுக்கும் இடத்திலோ எடை பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோர்க்கிறது, உடனே ஆஸ்பத்திரி.

ஐந்தாம் நாள் போனில் உடம்புவலிக்கு ஏதாவது வாங்கினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். டைக்ளோஃபினாக் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் வைக்கும் எந்த மாத்திரையோடு சேர்ந்தாலும் குடலில் ரத்தம் கசிய வைக்கும். விற்றதும் நம் கடைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

29.11.2025

மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் சரக்கு வண்டியும் நிற்கும், நோயாளியும் நிற்பார். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தீரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே போகச் சொல்லுங்கள். நான் முதலில் இரண்டு நாள் முன்பு என்றது கோடைக்குச் சரி, இப்போது போதாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை) பார்க்கும் நாளும் இதில் சிக்கும். அந்தத் தேதியையும் பையில் எழுதுங்கள். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று ஆகாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னால் போதும். தோட்டத்தில் விளைகிறதை வேண்டாம் என்றால் வேறு என்ன சாப்பிடுவார்கள்?

5.12.2025. கோத்தகிரியிலிருந்து

அண்ணா, அவருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள், குளோபிடோகிரல் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறார். காப்பீட்டு அட்டை இப்போது எடுத்தால் பழைய பில்லுக்குப் பணம் வருமா என்று கேட்கிறார்.

5.12.2025, இரவு

கட்டிய பணம் திரும்பாது. ஆனாலும் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள், இதய நோயாளிக்கு அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று. பதிவு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில். எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்துகொள்ள 1800 425 3993, கட்டணமில்லை.

எங்கே தடுக்கும் என்றால் ரேஷன் கார்டில். கல்யாணமாகி வந்த மருமகள், தனிக்குடித்தனம் போன மகன், பெயர் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். கார்டில் பெயர் இல்லையென்றால் திட்டத்திலும் இல்லை. கூடலூர்க்காரர் ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. கவுண்டரிலேயே கார்டை வாங்கி, படுத்தவர் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

9.12.2025

எஸ்டேட்டில் இருக்கும் ஜார்கண்ட், அசாம் ஆட்களுக்கு என்ன வழி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஓ.பி. மாத்திரைக்கு அவர்களுக்கும் தடையில்லை, ஊர் கேட்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதற்கு முறையான அத்தாட்சி இருந்தால் முதல்வர் காப்பீட்டிலும் இடம் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தால் அரைப்பக்கக் குறிப்பின் ஒரு நகல் அங்கேயும் போகட்டும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவ வசதி தோட்டத்தின் பொறுப்பாக இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது.

குறிப்பு தமிழில் இருந்தால் அவர்களுக்குப் பயனில்லை. சூரியன், பிறை கவர்கள் அப்படியே. தீரும் தேதியை மட்டும் எண்ணில் எழுதாமல் ஒரு மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அந்த நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு, அதற்கு ஐந்து கட்டம் முன்னால் ஒரு ஆஸ்பத்திரிச் சிலுவை வரைந்து கொடுங்கள். சாப்பிட்ட நாளை அவர்களே அடித்துக்கொண்டு வருவார்கள். சிலுவையைத் தொட்டதும் வர வேண்டும் என்று கவுண்டரிலேயே கை வைத்துக் காட்டுங்கள்.